சிஸ்டர் சிரித்தால் சர்க்கரை இறங்குமா?

நடுவர் ஐயாவுக்கும் கும்பகோணத்து அவைக்கும் வணக்கம்.

அவ்வளவுதான். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மேடையில் இருக்கும் பூச்சாடியைத் தவிர மற்ற எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னார். அதிலேயே அவருடைய நேரம் பாதி கரைந்துவிட்டது. எனக்கு என் நேரம் முழுவதும் வேண்டும். அவருக்குப் பதில் சொல்லவே அது போதாது.

தலைப்பை எல்லாரும் மறந்திருப்பீர்கள். நினைவுபடுத்துகிறேன். 'நோயாளியைத் தேற்றி எழுப்புவதில் பெரும்பங்கு மருந்துக்கே, செவிலியரின் மனத்துக்கே.' இன்று மே 12, உலக செவிலியர் தினம். செவிலியர் தினத்து விழாவில், நூறு செவிலியர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, 'உங்களைவிட மாத்திரைதான் பெரியது' என்று பேச மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறாரே நடுவர், அந்த மூன்று பேரின் துணிச்சலுக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள். ஐயா, உங்களுக்கு நாளைக்கே காய்ச்சல் வந்தால் ஊசி போடப்போவது யார் என்று யோசித்தீர்களா? எங்கே போடுவார்கள், எந்த வேகத்தில் போடுவார்கள் என்றாவது யோசித்தீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் இந்த ஊரிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் ஒரு கேள்வி கேட்டார். 'சிஸ்டர் சிரித்தால் சர்க்கரை இறங்குமா? இறங்கும் என்றால் அந்தச் சிரிப்பைப் பத்துப் பத்தாக அட்டையில் போட்டுக் கொடுங்கள், என் கடையில் வைத்து விற்கிறேன்' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் சிரித்தார். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் என் அணியில் இருக்கும் இந்த அம்மா என் காதில் சொன்னார்: 'நீங்கள் வேறு எதுவும் பேச வேண்டாம். இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.' தாய்க்குலத்தின் ஆணை. மீற முடியாது.

முதலில் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். மனிதன் பயந்தால், கலங்கினால், உடம்பில் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. அவை கல்லீரலைத் தட்டி எழுப்பிச் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடச் சொல்கின்றன. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு செய்யும் ஏற்பாடு அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் எங்கே ஓடுவார்? இறங்கிய சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நம்பவில்லை என்றால் ஐயா, உங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு சர்க்கரை நோயாளியிடம் கேளுங்கள். 'மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் உங்கள் சர்க்கரை எங்கே நின்றது?' என்று கேளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த அன்று எவ்வளவு, சமையல்காரர் கைவிரித்த அன்று எவ்வளவு, சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று எவ்வளவு என்று தேதி வாரியாகச் சொல்வார்.

அடுத்தது ரத்த அழுத்தம். 1987இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை விடாமல் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்திவிட்டு, ஒரு முறை மருத்துவரை அனுப்பினார்கள், ஒரு முறை செவிலியரை அனுப்பினார்கள். மருத்துவர் பக்கத்தில் வந்து பட்டையைச் சுற்றியதும் அழுத்தம் ஏறியது. செவிலியர் வந்தபோதும் ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவருக்கு ஏறியதில் ஏறத்தாழ பாதிதான் ஏறியது. அதே நோயாளி, அதே கை. மாறியது பக்கத்தில் வந்து நின்ற ஆள் மட்டும்.

ஆகவே ஐயா, சிஸ்டர் சிரித்தால் சர்க்கரை இறங்குமா என்று கேட்டீர்கள். அது இருக்கட்டும். டாக்டர் வந்து நின்றாலே பிரஷர் ஏறும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

எதிரணியில் பேசிய பேராசிரியை குறளுக்குப் போனார். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று அழகாகச் சொன்னார். நோயை ஆராய்வதும் தணிப்பதும் மருத்துவர் வேலை என்றார். அம்மா, அது 948ஆவது குறள். இன்னும் இரண்டே குறள் தள்ளிப் போயிருந்தால் 950. 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர், இந்த நான்கு பேரும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்று அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். பேராசிரியை அதற்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்.

மூன்றாவது நண்பர் பிளாரன்ஸ் நைட்டிங்கேலையே இழுத்தார். 1854இல் அந்த அம்மையார் 38 செவிலியருடன் துருக்கியில் இருந்த ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தும் சாவு குறையவில்லை, அடுத்த ஆண்டு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகுதான் குறைந்தது என்றார். உண்மை. அதைக் கணக்குப் போட்டு, படம் வரைந்து, ராணுவ அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டியது யார்? அந்த அம்மையாரேதான். விளக்கைப் பிடித்த கைதான் கணக்கையும் எழுதியது. அடுத்தது.

பஸ் என்று சொன்னதும் என் பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் நடுவருக்காகச் சொன்னது.

என் பெரியப்பா அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் தஞ்சாவூர் தடம். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே வாழ்நாள் வேலையை முடித்தவர். கூட்டத்தில், குழியில், திடீர்ப் பிரேக்கில் ஒரு நாள் விழுந்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். ஆடாத, அசையாத, பிரேக் போடாத சொந்தக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்டே முறிந்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகாணியும் வைத்தார்கள். எதிரணியினரே, கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த டாக்டரின் கைக்கு நான் இங்கிருந்தே கும்பிடு போடுகிறேன். எலும்பு நேராக நின்றது. காயம் சீழ் வைக்கவில்லை. மருந்தும் டாக்டரும் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். ஆனால் பெரியப்பா எழுந்திருக்கவில்லை.

எழுந்து நடக்க வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார். 'காலை ஊன்றினால் தகடு கழன்றுவிடும்' என்றார். கழலாது என்றார் டாக்டர். 'நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா?' என்று கேட்டார் பெரியப்பா. 'உள்ளே வைத்ததே நான்தான்' என்றார் டாக்டர். அதற்கும் அசையவில்லை. அறுவை முடிந்த வயதானவர் இப்படியே படுத்திருந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் செவிலியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதுகில் படுக்கைப் புண் வரும். காலில் ரத்தம் கட்டும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இடுப்பு முறிந்தவர்கள் பலர் முறிவினால் போவதில்லை, படுக்கையினால் போகிறார்கள். டாக்டர் கண்டித்தார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் கெஞ்சினார். பெரியம்மா சுவாமிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. வார்டில் அவருக்குப் பெயர் 'பதினேழாம் பெட்'. ஒரு சிலர் 'தாத்தா' என்பார்கள். அது அவருக்கு இன்னும் கோபம்.

பெயர் என்றதும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் கேட் கிரேன்ஜர் என்று ஒரு மருத்துவர். முதியோர் மருத்துவம் பார்த்தவர். புற்றுநோய் வந்து அவரே நோயாளியாகப் படுத்தார். 2013இல் மருத்துவமனையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள், பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அன்றிலிருந்து, 'நோயாளியிடம் போனால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்று ஓர் இயக்கமே தொடங்கினார். 2016இல் இறந்துபோனார். எதிரணியினர் கவனிக்க வேண்டும், அவர் எங்கள் கட்சியில் பிறந்தவர் அல்லர். உங்கள் கட்சி டாக்டர். கட்டிலில் படுத்த பிறகு எங்கள் பக்கம் வந்தவர்.

கதைக்கு வருகிறேன். எங்கே விட்டேன்? பெரியப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

ஒரு நாள் காலை டூட்டிக்கு ஒரு சிஸ்டர் வந்தார். சின்ன வயது. கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி பெரியம்மாவிடம் கேட்டார், 'ஐயா என்ன வேலை பார்த்தார்?' பெரியம்மா சொன்னார். சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ஊசி போட்டார். போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று, தனக்குத் தானே பேசுவதுபோலச் சொன்னார்: 'இன்றைக்கு வீட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்தால் முதலில் அய்யம்பேட்டை வரும், அப்புறம் பாபநாசம், அப்புறம் தஞ்சாவூர்...'

சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பல நாளாக வராத குரல்.

'யார் சொன்னது?'

'என்ன ஐயா?'

'பாபநாசம் வந்த பிறகுதான் அய்யம்பேட்டை. அதற்கு முன்னால் தாராசுரம் இருக்கிறது. தாராசுரத்தை எங்கே விட்டீர்கள்?'

'தாராசுரத்தில் பஸ் நிற்குமா?'

பெரியப்பா இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்! அய்யா, அம்மா, அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், அதிகாரிகள் மெமோ கொடுத்திருக்கிறார்கள், தாங்கியிருக்கிறார். ஆனால் தாராசுரத்தில் பஸ் நிற்குமா என்று கேட்டதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. இங்கே தாராசுரத்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களால் தாங்க முடியுமா? பார்த்தீர்களா, தட்டுகிறார்கள். பாபநாசத்துக்காரர்கள்? அய்யம்பேட்டை? கொஞ்சம் சத்தமாகத் தட்டுங்கள், தஞ்சாவூர் வரைக்கும் கேட்கட்டும்.

அன்றைக்குச் சிஸ்டர் அதோடு போய்விட்டார். மறுநாள் காலை வந்தார். 'கண்டக்டர் சார், வணக்கம்' என்றார். தாத்தா இல்லை, பதினேழாம் பெட் இல்லை. கண்டக்டர் சார்! பெரியப்பா தலையணையில் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்தார். 'உங்கள் பெட்தான் கும்பகோணம். பக்கத்து பெட் தாராசுரம். என் மேசை பாபநாசம். அந்த வாசற்படி அய்யம்பேட்டை. வராந்தாக் கடைசியில் இருக்கிற ஜன்னல் தஞ்சாவூர். பஸ் எப்போது கிளம்பும்?' என்று கேட்டார்.

'கழிவறை?' என்று கேட்டார் பெரியப்பா.

'அது டிப்போ' என்றார் சிஸ்டர்.

முதல் நாள் பஸ் கும்பகோணத்திலேயே நின்றது. கட்டிலிலிருந்து இறங்கி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அழுத்தமாக மூச்சு வாங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டார். 'பரவாயில்லை, இன்ஜின் சூடாகட்டும்' என்றார் சிஸ்டர். அடுத்த நாள் தாராசுரம். ஒரே ஓர் அடி. அந்த ஓர் அடிக்கு வார்டே கைதட்டியது. பிறகு பாபநாசம் வந்தது. பாபநாசத்தில் பஸ் காபிக்கு நிற்கும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். சிஸ்டர் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் வார்டின் நிலைமை என்ன தெரியுமா? இருபதாம் பெட்காரர், கால் கட்டோடு இருப்பவர், 'கண்டக்டர், அய்யம்பேட்டைக்கு ஒரு டிக்கெட்' என்கிறார். இருபத்து மூன்றாம் பெட் சின்னப் பையன், 'நான் பள்ளிக்கூடப் பாஸ்' என்கிறான். பெரியம்மா வீட்டிலிருந்து பழைய விசிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெரியப்பா அதை ஊதிய ஊதலில் பக்கத்து வார்டில் மயக்கத்தில் இருந்தவர் விழித்துக்கொண்டார். விசிலைச் சிஸ்டர் பறிமுதல் செய்தார். 'டூட்டி முடியும்போது கணக்கு ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார்.

இதன் உச்சக்கட்டம் இனிமேல்தான் இருக்கிறது. பெரிய டாக்டர் மாணவர்கள் புடை சூழ ரவுண்ட்ஸ் வருகிறார். வழியில் நடுவே, வாக்கரோடு பெரியப்பா, பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டையை நெருங்கிக்கொண்டிருக்கிறார். இருபது பேர் எதிரே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரியப்பா வாழ்நாள் பழக்கத்தில் கத்திவிட்டார்: 'உள்ளே போங்கள், உள்ளே போங்கள்! படியில் நிற்காதீர்கள்!'

மாணவர்கள் நடுங்கிப்போய் உள்ளே ஓடினார்கள். பெரிய டாக்டர் மட்டும் அசையாமல் நின்றார். பெரியப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கம் விடுமா? கையை நீட்டி, 'சில்லறையாகக் கொடுங்கள்' என்றார்.

பெரிய டாக்டர் சட்டைப் பைக்குள் கையை விட்டார், ஐயா! விட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அவர் கையில் வைத்து, 'தஞ்சாவூர் ஒன்று' என்றார். அந்த டாக்டருக்குக் கட்சி எது? எதிரணியா, எங்கள் அணியா? சொல்லுங்கள். நான் அவரை எங்கள் அணிக்கு இழுத்துக்கொள்கிறேன்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். ஐயா, கண்டக்டர் கதையின் நடுவில் ஒரு மணி அடிக்கலாமா? ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். ஒன்றோடு நிறுத்தினால் நான் நடுவழியில் நின்றுவிடுவேன். இன்னொன்றும் அடித்துவிடுங்கள். அடித்துவிட்டார். நன்றி. ரைட், போகலாம்.

தஞ்சாவூருக்கு ஏன் அந்த வராந்தா ஜன்னலைத் தேர்ந்தெடுத்தார் சிஸ்டர்? அங்கிருந்து பார்த்தால் சாலை தெரியும். சாலையில் பஸ் போவது தெரியும். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரைப் பற்றி எழுதினார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நம் சிஸ்டர் இதைப் படித்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனால் என் பெரியப்பாவுக்கு மரம் போதாது, பஸ் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிரணித் தலைவர் தலையாட்டுகிறார். என்ன சொல்லப்போகிறார் என்று தெரியும். 'இது உடற்பயிற்சிச் சிகிச்சை, இதில் மனம் எங்கே வந்தது?' என்பார். ஐயா, அந்த உடற்பயிற்சி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. எல்லா மருந்தும் இருந்தது. உங்கள் கடையையே தூக்கிவந்து வார்டில் வைத்திருந்தாலும் பெரியப்பா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இத்தனைக்கும் அந்தச் சிஸ்டர் செலவழித்தது எவ்வளவு நேரம்? ஊசி போட வரும்போது இரண்டு நிமிடம். வார்டில் நாற்பது கட்டில். அத்தனை பேருக்கும் ஊசி, டிரிப்ஸ், கட்டு, கணக்கு, பதிவேடு, அதற்கு நடுவில் இரண்டு நிமிடம். கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'நோயாளி வாக்கர் உதவியுடன் நடக்கிறார்.' ஒரு வரி. தாராசுரமும் இல்லை, பாபநாசமும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. பெரியப்பா விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிஸ்டரிடம் கேட்டார், 'உனக்கு எந்த ஊர் அம்மா? இந்தத் தடமே தெரியாமல் இருக்கிறாயே, தெற்கே பக்கமா?'

சிஸ்டர் சொன்னார்: 'அய்யம்பேட்டை, சார். தினமும் அந்தப் பஸ்ஸில்தான் டூட்டிக்கு வருகிறேன்.'

சபையோரே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அய்யம்பேட்டைப் பெண். எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். பாபநாசத்துக்கு முன்னால் அய்யம்பேட்டை வரும் என்று வேண்டுமென்றே சொல்லியிருக்கிறார். சொந்த ஊரை இடம் மாற்றி வைத்து ஒரு கிழவரைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார். இதை எந்த மருந்துக்கடையில் வாங்குவீர்கள்? அட்டைக்கு எத்தனை?

பெரியப்பா அதற்குப் பிறகு வீட்டில் யாரோடும் அரைநாள் பேசவில்லை. ஏமாந்துவிட்டாராம்.

நேரம் முடியப்போகிறது. இனிமேல் நான் சொல்லப்போவது என் அணிக்கு உதவுமா என்று தெரியாது. உதவாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவில், ஆக்சிஜன் படுக்கைக்கு வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்ற மாதம். அதே ஆண்டில் பிரேசிலில் சில செவிலியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உறவினர்கள் உள்ளே வர முடியாது, கையைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு கையுறைகளில் வெதுவெதுப்பான நீரை நிரப்பிக் கட்டி, நோயாளியின் கையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் யாரோ பிடித்திருப்பதுபோலச் செய்தார்கள். மருந்துக்கடை ஐயா, அந்தக் கையுறை உங்கள் கடையில் இருக்கிறது. வெந்நீர் உங்கள் வீட்டில் இருக்கிறது.

அந்த மே மாதத்தில் என் அம்மா உள்ளே இருந்தார். எங்களில் யாரையும் விடவில்லை. விடக் கூடாது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக்சிஜன் முகமூடி, சுற்றிலும் கவச உடைக்குள் ஆட்கள், யார் ஆண் யார் பெண் என்றே தெரியாது. பக்கத்துக் கட்டில் காலியாவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் காலியாகிறது என்பதும் அவருக்குத் தெரியும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் வீடியோ அழைப்பில் காட்டுகிறோம், தயாராக இருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அழைப்பு வந்தது. பார்த்தால் அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னியிருக்கிறது. முகம் துடைத்திருக்கிறது. நெற்றியில் பொட்டு. என் அம்மா பொட்டில்லாமல் தெருவாசலுக்குக்கூட வர மாட்டார். ஆனால் அந்த வார்டுக்குள் பொட்டுக்கு எங்கே போவது? அங்கே இருந்த ஒரு சிஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து, இரட்டைக் கையுறை போட்ட கையோடு, வரைந்து விட்டிருக்கிறார். 'பிள்ளைகள் பார்க்கப்போகிறார்கள், இப்படியா இருப்பது?' என்று கேட்டாராம்.

அம்மா திரையில் தன் முகத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, முகமூடிக்குள்ளிருந்து பேசிய முதல் வார்த்தை: 'பொட்டு கோணலாக இருக்கிறது.'

அப்பா அழுதுகொண்டே சிரித்தார். அந்தப் பக்கம் கவச உடைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அன்று இரவு அம்மா ரசம் சாதம் கேட்டிருக்கிறார்.

'ஆக்சிஜன் காப்பாற்றியதா, பொட்டு காப்பாற்றியதா?' என்று எதிரணியில் கேட்பீர்கள். கேளுங்கள். நான் பதில் சொல்லப்போவதில்லை. தலைப்பும் தீர்ப்பும் நடுவர் பாடு.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தச் சிஸ்டரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கவச உடையும் கண்ணாடியும்தான் தெரியும். பெயரும் தெரியாது. விசாரித்துப் பார்த்தோம், அந்த நாட்களில் எந்த வார்டில் யார் இருந்தார் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அம்மாவிடம் இருப்பது குரல் மட்டும்தான். அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் வலிக்குப் போனாலும், அங்கே இருக்கும் சிஸ்டர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

பின்வரிசையில் இருக்கும் செவிலியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் சிலர் சீருடையிலேயே வந்திருக்கிறீர்கள், இரவு டூட்டிக்குப் போக வேண்டும் என்று தெரியும். ஆனாலும் தீர்ப்பு முடிந்ததும் உடனே எழுந்து ஓடிவிடாதீர்கள். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அம்மா. உங்களிடம் ஒவ்வொருவராக வந்து மணி என்ன ஆகிறது என்று கேட்பார். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறாரே என்று பார்க்காமல், கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

வணக்கம்.